ஒரே பாலினத்தவர் திருமணம்: ஒரு பழைய சார்பதிவாளரின் பார்வை

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிலர் நெற்றியைச் சுருக்குவீர்கள் என்று தெரியும். நம் வயதுக்காரர்கள் காலை நடையிலும் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலும் பேசுகிற விஷயமல்ல இது. பேசினாலும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவோம். "கலி முற்றிவிட்டது" என்பார் ஒருவர். "அவங்க எப்படியோ இருந்துட்டுப் போகட்டும், அதுக்குக் கல்யாணம் எதுக்கு?" என்பார் இன்னொருவர்.

முதலாமவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கலி முற்றுவதாக என் தாத்தாவும் சொன்னார். இரண்டாமவருடைய கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அது நியாயமான கேள்வி. பதிவுத்துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலில், சர்ச்சில், பள்ளிவாசலில் யாருக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்பது அந்தந்த மதத்தாரின் விஷயம். ஆனால் அரசாங்கத்தின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுச் செய்துகொள்ளும் கல்யாணம் இரண்டு ஆண்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பதற்கு அரசாங்கத்திடம் நல்ல காரணம் இல்லை.

இப்போது நிலவரம் என்ன என்று பார்ப்போம். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று சொல்லி, இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவின் அந்தப் பகுதியை நீக்கியது. அந்தப் பிரிவு நம் முன்னோர் எழுதியது அல்ல, 1860-இல் வெள்ளைக்காரன் எழுதியது. அதற்குப் பிறகு, "குற்றம் இல்லையென்றால் திருமணப் பதிவும் கொடுங்கள்" என்று பலர் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து நீதிபதிகள் பத்து நாள் உட்கார்ந்து கேட்டார்கள். அக்டோபர் 17-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தில் திருமணம் ஓர் அடிப்படை உரிமையாக இல்லை என்பதில் ஐவரும் ஒன்றாக இருந்தார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் அவர்கள் சேர்ந்து வாழ்வதை ஓர் உறவாகவாவது அரசு அங்கீகரிக்க வேண்டுமா என்பதில் பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் வேண்டும் என்றார்கள். மற்ற மூவரும் அது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். மூன்றுக்கு இரண்டு. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

ஆக, பந்து நாடாளுமன்றத்தின் பக்கம் இருக்கிறது. நாடாளுமன்றம் நம் ஓட்டில் நடப்பது. அதனால்தான் நாமும் இதைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இனி, "கல்யாணம் எதுக்கு?" என்ற கேள்வி.

கல்யாணம் என்றால் நமக்கு மண்டபம், மேளம், பந்தி என்று நினைவு வரும். என் மேஜைக்கு வந்த கல்யாணத்தில் அதெல்லாம் கிடையாது. ஒரு விண்ணப்பம், மூன்று சாட்சி, ஒரு கையெழுத்து. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கையெழுத்தோடு எத்தனை கதவு திறக்கிறது என்பது போட்டவர்களுக்கே தெரியாது. ஒருவர் இறக்கும்போதோ ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதோதான் தெரியும்.

நமக்குப் பழக்கமான சிலதைச் சொல்கிறேன். நீங்களும் நானும் கண்ணை மூடினால் வீட்டுக்காரிக்குக் குடும்ப ஓய்வூதியம் போகும். அதற்கு அவர் உயில் காட்ட வேண்டியதில்லை. வருங்கால வைப்பு நிதியில் குடும்பம் உள்ளவர் வெளியாரை நியமனதாரராகப் போட்டால் செல்லாது. பணிக்கொடையிலும் அதே விதி. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் மனைவி பெயர் தானாக வரும். வீட்டை மனைவி பேருக்கோ மகள் பேருக்கோ செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதே வீட்டை வெளியாருக்கு எழுதினால் 7 சதவீதம். கணவன் மனைவிக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் வாங்கியவருக்கு வருமான வரி கிடையாது. வெளியார் வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வாங்கியவர் கணக்கில் அது வருமானம். கிட்னி கொடுப்பதென்றால் சட்டப்படி கணவனும் மனைவியும் நெருங்கிய உறவினர். வெளியார் கொடுப்பதென்றால் அரசின் அங்கீகாரக் குழு முன்னால் போய் நின்று, அன்பினால்தான் கொடுக்கிறேன், காசுக்கு அல்ல என்று நிரூபிக்க வேண்டும்.

இந்த எல்லா இடத்திலும் இருபது வருடம் ஒரே சமையலறையில் சாப்பிட்ட இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் "வெளியார்". சட்டத்தில் அவர்களுக்கு வேறு பெயர் இல்லை.

உடனே நம் நண்பர்கள் சொல்வார்கள்: "அதுக்குத்தான் உயில் இருக்கே சார், நாமினேஷன் இருக்கே, பவர் இருக்கே. எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிட்டா போச்சு."

முப்பது வருடம் இந்தக் காகிதங்களோடுதான் குப்பை கொட்டினேன். அதனால் சொல்கிறேன். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே செத்துப்போகும். உயில் அவர் இறந்த பிறகுதான் உயிர் பெறும். ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கிறவருக்கு உயில் உதவாது. நியமனதாரர் என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் கொடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். ஆயுள் காப்பீட்டில் 2015-இல் சட்டத்தைத் திருத்தி, நியமனதாரருக்கே பணம் சொந்தம் என்று ஆக்கினார்கள். யாருக்கு? பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் என்றால் மட்டும். கூட வாழ்ந்தவர் நியமனதாரராக இருந்தால் அவர் பணத்தை வாங்கித் தரும் ஆள்தான். பின்னாலேயே அண்ணன் மகன் வந்து கேட்கலாம்.

உயிலையும் சும்மா விடமாட்டார்கள். நான் ஒரு தாலுகா ஊரில் வேலை பார்த்தபோது இரண்டு வயதான பெண்கள் உயில் பதிவு செய்ய வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்னொருவர் நர்ஸாக இருந்தவர். இருவருமே கல்யாணம் ஆகாதவர்கள். இருபத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள், வீடு ஆசிரியையின் பெயரில் இருந்தது. பத்திர எழுத்தர் "உறவுமுறை" என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். "தங்கை மாதிரின்னு போடலாமா டீச்சர்?" என்று கேட்டார். அந்த அம்மா, "மாதிரி எல்லாம் வேண்டாம். என்னோட இருக்கிறவங்கன்னு போடுங்க" என்றார். அப்படியே எழுதி, மூன்றாம் புத்தகத்தில் பதிவானது. அதற்கு மேல் அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்பது என் வேலையும் அல்ல.

ஏழெட்டு வருடம் கழித்து எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது, பெருவிரல் ரேகைப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி. ஆசிரியை இறந்திருந்தார். உடன்பிறந்தவரின் மகன்கள் உயில் பொய் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். அத்தைக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, கூட இருந்தவர் மிரட்டி எழுதி வாங்கினார் என்று மனுவில் இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பொங்கலுக்குக்கூட வராதவர்கள் என்று ஊரில் சொன்னார்கள். சாட்சிக் கூண்டில் அந்த நர்ஸ் அம்மாவை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "நீங்க அவங்களுக்கு என்ன உறவு?" அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உறவு இல்லை" என்றார். எழுபத்திரண்டு வயதில் அதைச் சொல்ல வைத்தார்கள். வழக்கு ஆறு வருடம் நடந்தது. கடைசியில் உயில் செல்லும் என்றுதான் தீர்ப்பு. ஆனால் அந்த ஆறு வருடமும் வாய்தா வாய்தாவாக அலைந்தவர் அவர்.

இதே இடத்தில் ஒரு மனைவி இருந்திருந்தால் "என்ன உறவு?" என்ற கேள்வியே வந்திருக்காது. கல்யாணம் எதுக்கு என்றால், இதற்குத்தான்.

கல்யாணம் முறிந்தாலும் சட்டம் துணைக்கு வரும். கணவன் விட்டுவிட்டுப் போனால் மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்து என்பதே பலவீனமான பக்கத்துக்கான ஒரு பாதுகாப்புதான். வேலையை விட்டுவிட்டு இன்னொருவருக்காகப் பதினைந்து வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒருவர், ஒரு நாள் பெட்டியோடு தெருவில் நிறுத்தப்பட்டால், அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? உரிமை மட்டுமல்ல, கடமையும் கல்யாணத்தோடுதான் வருகிறது. "இவர்கள் பொறுப்பில்லாமல் வாழ்கிறார்கள்" என்று குறை சொல்கிறவர்கள், பொறுப்பை எழுதி வாங்கிக்கொள்ளும் கல்யாணத்தை அவர்களுக்கு மறுப்பது எனக்குப் புரியவில்லை.

அடுத்தது, "நம் கலாச்சாரத்தில் இது கல்யாணமே இல்லை" என்ற வாதம்.

தமிழ்நாட்டில் இதைச் சொல்லும்போது நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எது கல்யாணம் என்ற சண்டையை நாம் ஏற்கெனவே ஒருமுறை போட்டு முடித்திருக்கிறோம். 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. ஊரறிய மாலை மாற்றி, குழந்தை குட்டியோடு வாழ்ந்தார்கள். ஆனால் ஓமமும் சப்தபதியும் இல்லை, வழக்கம் என்று சொல்லப் பழமையும் இல்லை, ஆகவே இது செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவி சட்டப்படி மனைவி இல்லை, பிள்ளைகள் சட்டப்படி வாரிசு இல்லை. அப்போதும் "இது கல்யாணமே இல்லை" என்றுதான் சொன்னார்கள். "அவங்க எப்படியோ இருந்துட்டுப் போகட்டும்" என்றும் சொன்னார்கள்.

அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். அதோடு நிற்கவில்லை. அதற்கு முன் நடந்த அப்படிப்பட்ட திருமணங்களும் செல்லும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். நாற்பது வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை அரசாங்கம் ஒரு நாள் "ஆமாம், நீங்கள் கணவன் மனைவிதான்" என்று ஒப்புக்கொண்டது. அதனால் புரோகிதர் வைத்துக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு ஏதாவது குறைந்துவிட்டதா? முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்கிறதா, பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், ஒருவர் இரண்டு மூன்று மனைவி வைத்துக்கொள்வதும் கலாச்சாரமாகத்தான் இருந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1949-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதும் கலாச்சாரம்தான். 1929-இல் சாரதா சட்டம் வந்தபோது மதம் போச்சு என்று கூட்டம் போட்டார்கள். கல்யாணம் மாறாத ஒன்று என்று சொல்கிறவர், தன் வீட்டிலேயே மூன்று தலைமுறைக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

"இது நோய், வைத்தியம் பார்க்க வேண்டும்" என்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நம் நாட்டு மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-இல் இது நோயல்ல என்று சொல்லிவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுக்கிற டாக்டர் மேல் தொழில்முறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது. அதுவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு வழக்கினால்தான்.

அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து, 2021 ஜூனில் விரிவான உத்தரவு போட்டார். போலீஸ் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று பிறகு காவலர் நடத்தை விதிகளிலேயே தமிழ்நாடு அரசு ஒரு பிரிவைச் சேர்த்தது. படித்த நீதிபதி ஒருவர் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஆலோசகரிடம் போகிறார். நாமோ தெரியாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இது நகரத்து மேல்தட்டு விவகாரம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. மதுரைப் பெண்கள் மேல்தட்டா? 1987-இல் மத்தியப் பிரதேசத்தில் இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் மணந்துகொண்டு வேலையை இழந்தார்கள். கான்ஸ்டபிள் சம்பளம் வாங்கியவர்கள் மேல்தட்டா? 2025 மே மாதம் வேலூர் மாவட்டத்தில் இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்தார்கள். அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போகலாம் என்று விட்டார்கள். குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும் எழுதினார்கள். வசதி உள்ளவன் வெளிநாடு போய்விடுவான், வக்கீல் வைத்து டிரஸ்ட் எழுதிக்கொள்வான். சட்டம் தேவைப்படுவது வசதி இல்லாதவருக்குத்தான்.

"குழந்தைகள்?" என்று கேட்பீர்கள். குழந்தை பிறக்காது என்பதால் கல்யாணம் கூடாது என்றால், அறுபது வயதில் மறுமணம் செய்தவர்களுக்கு நான் சான்றிதழ் கொடுத்திருக்க முடியாது. கொடுத்திருக்கிறேன், சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறேன். தத்து விஷயத்திலும் பாருங்கள். தனியாக வாழும் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இன்றைக்கும் சட்டம் அனுமதிக்கிறது. அவளோடு அதே வீட்டில் இன்னொரு பெண் இருந்து, அந்தக் குழந்தைக்குச் சோறூட்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறாள் என்று வையுங்கள். தத்தெடுத்தவள் இறந்தால் அந்த இன்னொருத்திக்குக் குழந்தையிடம் எந்த உரிமையும் இல்லை. இதில் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

இன்னொரு குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அடுத்த வீட்டுப் பெண். பையனுக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று தெரிந்தும், "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று கல்யாணம் செய்து வைத்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! வரதட்சணை, சீர், மண்டபம் எல்லாம் முடிந்து அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். குறை அவளிடம்தான் என்று ஊர் பேசுகிறது. அவர்களுக்கு அவர்களுக்கேற்ற கல்யாணத்தைக் கொடுக்க மாட்டோம், நமக்கேற்ற கல்யாணத்தை மட்டும் கட்டாயம் செய்துவைப்போம் என்றால், அதற்கான விலையைக் கொடுப்பது யாரோ ஒருவருடைய மகள். பெண்ணைப் பெற்றவர்கள் இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள்.

சரி, நாடாளுமன்றம் செய்வதாக இருந்தால் எப்படிச் செய்வது? மதச் சட்டங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. மதம் மாறாமல், சாதி பார்க்காமல் யாரும் யாரையும் மணக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. அதில் நான்காம் பிரிவு "எந்த இரு நபர்களுக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. கீழே வயது சொல்லும்போது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வந்துவிடுகிறது. உறுதிமொழியிலும் கணவன், மனைவி என்று இருக்கிறது. இவற்றைத் திருத்தினால் வாரிசுரிமை, ஜீவனாம்சம், தத்து என்று பல சட்டங்களில் கை வைக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் கோர்ட் தயங்கியது, அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலை அதிகம் என்பது வேலை செய்யாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. தென்னாப்பிரிக்காவில் 2005-இல் நீதிமன்றம் ஒரு வருடக் கெடு கொடுத்தது, 2006-இல் சட்டம் வந்துவிட்டது. தைவானில் 2017-இல் இரண்டு வருடக் கெடு. அவர்கள் பழைய குடும்பச் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டமாகவே 2019-இல் போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் தாய்லாந்திலும் சட்டம் அமலுக்கு வந்தது. அது புத்த மதமும் பெரிய குடும்பமும் பெற்றோர் சொல்லும் நம்மைப் போலவே முக்கியமாக இருக்கிற நாடு.

நம் நாட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதவு திறக்கிறது. 2019-இல் தூத்துக்குடி ஜோடி ஒன்றின் வழக்கில், திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகள்தான், பதிவு செய்து கொடுங்கள் என்று மதுரைக் கிளை சொன்னது. 2024-இல் மத்திய அரசு, ஒரே பாலினத் துணைவர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நியமனதாரராகப் போடவும் வங்கிகளில் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. சர்க்கரை வாங்க ஒரே குடும்பம், சொத்துக்கு வெளியார் என்பது ரொம்ப நாள் நிற்காது.

அதுவரை தமிழ்நாடு செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு யோசனை சொன்னார். சேர்ந்து வாழும் இருவர் தங்கள் குடும்ப உறவை ஓர் ஆவணமாக எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்கு அரசு ஒரு மதிப்புக் கொடுக்கலாம் என்று. பதிவுத்துறைக்காரனாகச் சொல்கிறேன், இது கஷ்டமான காரியமே இல்லை. அசையாச் சொத்து சம்பந்தப்படாத எத்தனையோ ஆவணங்களை நான்காம் புத்தகத்தில் பதிகிறோம். இதையும் பதியலாம். ஆனால் பதிவதோடு நின்றுவிட்டால் அது இன்னொரு காகிதம்தான். ஆஸ்பத்திரி இதைப் பார்த்தால் உள்ளே விட வேண்டும், செட்டில்மென்ட்டில் "குடும்பம்" என்ற வரையறையில் இவர்களையும் சேர்க்க வேண்டும் என்று அரசாணை போட்டால்தான் அதற்கு உயிர் வரும். முத்திரைத் தீர்வைச் சலுகை மாநில அரசின் கையில் உள்ளது. அதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

நான் இதை முழுத் தீர்வாகச் சொல்லவில்லை. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு அண்ணா தனியாக ஒரு ஒப்பந்தப் பத்திரம் கொடுத்து அனுப்பவில்லை. கல்யாணத்தைக் கல்யாணம் என்றே சொன்னார். கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

நம் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையோ பேத்தியோ, "நான் இப்படித்தான்" என்று ஒரு நாள் உங்களிடம் வந்து சொன்னால், முதலில் உட்கார வைத்துக் காபி கொடுங்கள். ஜோசியரிடமும் வேண்டாம், வைத்தியரிடமும் வேண்டாம். அவர்கள் யாரோடாவது சேர்ந்து வாழ்வதென்று முடிவு செய்திருந்தால், உருப்படியான காரியம் ஒன்று நம்மால் செய்ய முடியும். இருவரையும் உயில் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்யாவிட்டாலும் உயில் செல்லும்தான், ஆனால் பதிவு செய்தால் பொய் என்று சொல்வது கஷ்டம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருவரைவிட வயதில் சிறியவர்களாக இருக்கட்டும், நாளை கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும். முடிந்தால் வீட்டை இருவர் பெயரிலும் வாங்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்று கூட்டாக ஆக்கச் சொல்லுங்கள். உங்கள் மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, "இவனுக்குப் பிறகு இந்த வீடு அவருக்குத்தான், நீங்கள் யாரும் வரக் கூடாது" என்று நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். சட்டம் வருகிறவரை அவர்களுக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பு பெரியவர்களாகிய நம்முடைய வாய்ச்சொல்தான்.